மாட்டுக்கொட்டாய் மேல் ஒரு கேப்டன்

திண்டிவனத்திலிருந்து அக்கா போனில் சொன்னாள். "நம்ம ஏர்போர்ட் கார் திருமுருகன் இனிமே வர மாட்டாராம்டா. பெரிய ப்ளேன் ஓட்டப் போயிட்டாராம்."

அக்காவுக்குச் சொன்னது, அவளோடு விழுப்புரத்தில் ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர். அந்த டீச்சருக்குப் பனமலையில் சொந்தம் இருக்கிறது. பனமலையில் யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஊரே சொல்லுதாம்" என்றாள்.

நான் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அந்த வாரம்தான் ஊருக்குப் புறப்பட வேண்டும். செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் மீனம்பாக்கத்தில் என்னை யார் கூட்டிப்போவார்கள் என்ற கவலைதான் முதலில் வந்தது. பாஸ்போர்ட் பைக்குள் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். வெளியே தெரிந்த முகம் ஒன்று நிற்கும் என்ற தைரியத்தில்தான் விமானம் ஏறுவேன்.

இறங்கி வெளியே வந்தால் அதே தூணுக்குப் பக்கத்தில் திருமுருகன் நின்றிருந்தார். விரலில் கார் சாவி சுற்றிக்கொண்டிருந்தது.

"பெரிய ப்ளேன் ஓட்டப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களே!"

அவர் சிரிக்கவில்லை. டிராலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உங்க வரிக்கும் வந்துடுச்சா? கடல் தாண்டிப் போயிடுச்சுன்னா இனிமே அதைப் புடிக்க முடியாதுண்ணே."

திருமுருகன் உண்மையிலேயே விமானிதான். பிரச்சினையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அவரிடம் இருப்பது தனியார் விமானி உரிமம். அதற்கு அர்த்தம் என்ன என்று ஒருமுறை கேட்டபோது அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. "சொந்தக் காருக்கு லைசென்ஸ் வாங்கறோம்ல, அது மாதிரிண்ணே. நான் ஓட்டலாம், பக்கத்துல பிரெண்ட உக்கார வெச்சிக்கலாம். கூலி வாங்கக் கூடாது. ஏர்லைன்ஸ்ன்றது பஸ்சு. அதுக்கு வேற லைசென்ஸ், இன்னும் அத்தினி மணி நேரம் பறந்திருக்கணும், அப்பறம் பரிட்சை. நான் டூவீலர்ல பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வந்தவன். பஸ்சுல ஏறல."

பறப்பதற்கு வழி செய்தது நாங்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த இந்த நெடுஞ்சாலைதான். திண்டிவனத்துக்கு வடக்கே அவருடைய அப்பாவின் நிலம் நாலுவழிச் சாலைக்குப் போனது. வந்த இழப்பீட்டில் வீடு கட்டாமல், மாடு வாங்காமல், ஒரே மகனை வெளிமாநிலத்தில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் சேர்த்தார் அப்பா. ஊரில் எல்லோரும் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். இன்றைக்கும் அந்த இடம் வரும்போது திருமுருகன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். "அதோ மீடியன்ல அரளி பூத்திருக்கு பாருங்க, அதான் எங்க கேணி." தினமும் அந்தக் கேணியின் மேல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்வருகிறார்.

கொரோனாவுக்குப் பிறகு விமானப் பயணம் மீண்டு வந்ததை நாமெல்லாம் செய்தித்தாளில் சதவீதமாகப் படித்தோம். திருமுருகன் அதைத் தன் கார் டிக்கியில் பார்த்தார். முதலில் வந்தவர்களிடம் பெட்டியே இல்லை. வேலை போய் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், முகத்தில் கண்ணாடித் தாள் கட்டிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்காரப் பயந்தவர்கள். அடுத்த வருடம் சாவுக்கு வர முடியாமல் போனவர்கள் வந்தார்கள். கார் ஊரை நெருங்கும்போதுதான் அழ ஆரம்பித்தார்கள். அப்புறம் நர்சுகள், அப்புறம் ஊறுகாய் ஜாடியோடு படிக்கப் போகிற பிள்ளைகள். இப்போது கண்டமங்கலத்திலிருந்தும் முண்டியம்பாக்கத்திலிருந்தும் முதன்முறையாக விமானம் ஏறுகிற கிழவிகள் வருகிறார்கள். ஒரு கார் இரண்டாகி, அதோடு ஒரு வேனும் சேர்ந்தது.

"நல்லாதானே போய்க்கினு இருக்கு?" என்று கேட்டேன். செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

"வண்டி நல்லா போவுது. நான்தான் நின்னுக்கினு இருக்கேன்." முன்னால் போன லாரியை முந்தினார். "லாக்டவுன் தளர்ந்தப்ப கிளப்ப கொஞ்ச நாள் தொறந்தாங்கண்ணே. டவர்ல கேட்டா ஒடனே ரன்வே தருவான். ரேடியோவுல என் கொரல் மட்டும்தான். அவ்ளோ பெரிய வானம், எனக்கே எனக்கு. போன மாசம் லைசென்ஸ் செத்துடக் கூடாதுன்னு போயி ஒரு மணி நேரம் பறந்தேன். பறந்தேன்னு பேரு. இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ரன்வே ஓரத்துல நிறுத்திட்டான். 'வெயிட் பண்ணு, வெயிட் பண்ணு.' ஒண்ணு எறங்குது, ஒண்ணு ஏறுது, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. நான் கொசு மாதிரி ஓரமா ரொய்யுன்னு கத்திக்கினு நிக்கறேன். எல்லாம் மீண்டு வந்துடுச்சு. அது மீண்டு வர்றதுக்கு நான் வழி வுட்டுக்கினு நிக்கறேன்."

அப்போதுதான் பனமலை வதந்தியின் கதையைச் சொன்னார்.

அதற்கு விதை போட்டது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். 2020 பிப்ரவரியில், திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் அவருக்குக் கல்யாணம். பெண் கலைப்பிரியா, பனமலை துரைக்கண்ணுவின் மகள். விழுப்புரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் நண்பன் சகாயராஜ், மாப்பிள்ளைக்குத் தன் செலவில் ஒரு பேனர் வைத்தான். இணையத்தில் கிடைத்த வெள்ளைக்காரப் பைலட் ஒருவரின் உடம்பை எடுத்து, அதன் மேல் திருமுருகனின் தலையைப் பொருத்தினான். தோளில் நாலு தங்கப் பட்டை. பின்னால் முந்நூறு பேர் ஏறுகிற விமானம். மேலே பெரிய எழுத்தில் 'கேப்டன்'.

"கை ரெண்டும் செவேல்னு இருக்கு, மூஞ்சி மட்டும் என்னுது. யாராச்சும் கண்டுபுடிப்பான்னு பாத்தேன். ஒருத்தனும் கண்டுபுடிக்கல. எங்க மாமா அதுங்கீழ நின்னு வர்றவங்க கிட்டல்லாம் காட்டிக்கினு இருந்தாரு. தாலி கட்டற நேரத்துல போயி, மாமா, இது பஸ் இல்ல, டூவீலருன்னு எப்பிடிண்ணே சொல்றது? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அடுத்த மாதம் விமானங்கள் நின்றன. மாப்பிள்ளை ஏன் வீட்டில் இருக்கிறார் என்று பனமலையில் யாரும் கேட்கவில்லை. உலகத்தில் எல்லா விமானியும் வீட்டில்தான் இருந்தான். "ப்ளேன் ஓடட்டும் மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டாவது அலையில் திருமுருகனின் அப்பா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மிச்ச மணி நேரத்தையும் பறந்து முடிக்கிற பேச்சு அதோடு நின்றது. பிழைப்புக்குக் கார் வாங்கினார். அதற்கும் பனமலையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: கேப்டன் சும்மா உட்காராமல், விமானம் ஓடும் வரைக்கும் கார் ஓட்டுகிறார். விமானங்கள் ஓடிய பிறகும், கம்பெனி இன்னும் கூப்பிடவில்லை என்ற பேச்சில் சில வருடங்கள் போயின.

ஊரில் மற்றவர்கள் விமானங்கள் எப்போது ஓடும் என்று காத்திருந்தார்கள். அவை முழுசாக ஓட ஆரம்பித்தபோது ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போனவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"கல்யாணம் முடிஞ்சதும் அந்த பேனர மாமா சுருட்டி எடுத்துக்கினு போயிட்டாரு. மத்த வூட்ல பழைய ஃபிளெக்ஸ மல்லாட்ட கொட்டைய காய வெக்க விரிப்பாங்க. அவரு மாட்டுக்கொட்டாய்க்குக் கூர மேல போட்டிருக்காரு. படம் மேல் பக்கமா. ஏன் மாமா இப்பிடி, உள்பக்கமா போட்டா சாயம் போவாதேன்னேன். 'மேல போற ப்ளேனு பாக்கட்டும் மாப்ள, ஒங்க ஆளு இங்கதான் கீறாருன்னு தெரியட்டும்'ன்றாரு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, "இப்ப காசிக்குப் போறாரு" என்றார்.

துரைக்கண்ணு பனமலையில் ஒரு குழு சேர்த்திருக்கிறார். தம்பதிகளாகப் பத்துப் பன்னிரண்டு பேர், சென்னையிலிருந்து காசிக்கு விமானத்தில். டிக்கெட் போடும்போது மருமகனைக் கேட்டிருக்கிறார்: "இப்பதான் எல்லாம் ஓடுதே. நீங்க ஓட்டற ப்ளேனாப் பாத்துப் போட்டுடலாமா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம் மாமான்னேன்."

நம் ஊரில் முடியாது என்பதைப் பெரியவர்களிடம் இப்படித்தான் சொல்வோம். சொல்கிறவனுக்கு அது முடியாது. கேட்கிறவர்களுக்கு அது சரி. துரைக்கண்ணு அன்றைக்கே ஏரிக்கரையில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அது டீச்சர் வழியாக அக்காவுக்கு வந்து, அக்கா வழியாக எனக்கு வந்தது.

நான் திரும்பிப் போக வேண்டிய நாளும் காசிக் குழு புறப்படும் நாளும் ஒன்றாக அமைந்தன. அவர்களுக்கு மத்தியானம், எனக்கு ராத்திரி விமானம். அரை நாள் முன்னாலேயே போய் உட்காருகிறவன் என்பதால் அதே வேனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திண்டிவனம் பைபாஸில் பெட்டியோடு நின்றேன். பக்கத்தில் கலைப்பிரியா, இட்லிப் பொட்டலங்கள் கட்டிய பையோடு. வேன் பனமலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

"சார், ஒங்ககிட்ட சொல்லியிருப்பாரே?" என்றார் அவர்.

"சொன்னாரு."

"ஊருக்கெல்லாம் சொல்றாரு. எங்கப்பாகிட்ட சொல்ல மட்டும் வாய் வரல. அஞ்சு வருஷமா நான்தான் மென்னு முழுங்கிக்கினு இருக்கேன். எங்கப்பன் போன் பண்ணி, மாப்ள டூட்டிக்குப் போயிட்டாரான்னா நான் இன்னா சொல்றது? ஏரோப்ளேன் பஞ்சரு, ஒட்டிக்கினு இருக்காங்கன்னு சொல்லட்டா?"

வேன் வந்து நின்றது. இறங்கி வந்த திருமுருகனிடம் பையைக் கொடுத்தார். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ப்ளேனு கெளம்பறதுக்குள்ள நீங்க சொல்லணும். இல்லன்னா அப்பா காசியில எறங்கனதும் நானே போன் போட்டுச் சொல்லிடுவேன். பொண்ணு வாயால கேட்டார்னா அப்பறம் ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டாரு. பாத்துக்குங்க."

"சொல்லிடறேன் கலை."

"அஞ்சு வருஷமா சொல்லிடறீங்க." பிறகு ஜன்னல் பக்கம் போய், சிரித்த முகமாக அப்பாவுக்குக் கையசைத்தார்.

துரைக்கண்ணு முன் இருக்கைக்குப் பின்னாலேயே இருந்தார். புது வேட்டி, கட்டங்கட்டமாக மடிப்புத் தெரிந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதைப் பேரப்பிள்ளையைப் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கிருஷ்ணவேணி. பின்னால் மற்றவர்கள் ஒரே இரைச்சல்.

"இன்னா கேப்டனு, ஆகாசத்துலயும் இப்பிடித்தான் ஹாரன் அடிப்பீங்களா?" என்று சீனுவாசன் என்றொருவர் பின் சீட்டிலிருந்து கேட்டார்.

"அங்க மாடு குறுக்க வராதுடா" என்றார் துரைக்கண்ணு.

"வேனையும் ஓட்டிக்கினு ப்ளேனையும் ஓட்டணும்னா பேஜாருதான். கண்ணு சொக்காது?"

"நீ சொக்காம வா. ஏறனதும் கொறட்ட வுட்டேன்னா கதவத் தொறந்து தள்ளிடச் சொல்லுவேன் மாப்ளகிட்ட."

வேன் முழுக்கச் சிரித்தது. திருமுருகனின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அரளி பூத்த இடம் வந்தது. அன்றைக்கு அவர் விரலைத் தூக்கவில்லை.

அச்சிறுபாக்கம் பக்கம் காபிக்கு நிறுத்தினார். எல்லோரும் கழிப்பறைக்கும் கடைக்குமாகப் போனார்கள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மாமனாரை வேனின் நிழல் பக்கம் கூட்டிப்போனார். நான் காபி டம்ளரோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். கேட்காத தூரம் என்று சொல்ல முடியாது.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கல்யாணத்தப்பவே சொல்லியிருக்கணும்."

"தெரியும் மாப்ள."

திருமுருகன் அப்படியே நின்றுவிட்டார். 

"காலையில வூட்டாண்ட வேன நிறுத்தனப்பவே ஒங்க மூஞ்சியப் பாத்தேன்" என்றார் துரைக்கண்ணு. "பயப்படறீங்க. அஞ்சு வருஷமா தொடாத வண்டி. யாரா இருந்தாலும் கை நடுங்கும். எனுக்கு டிராக்டர ஒரு மழைக்காலம் நிறுத்தி வெச்சு எடுத்தாலே நடுங்கும். அதுக்குத்தான் கொண்டாந்திருக்கேன்." மஞ்சள் பையைத் திறந்து காட்டினார்.

உள்ளே எலுமிச்சம்பழங்கள். மஞ்சள் குங்குமம் தடவியவை.

"மலை மேல சாமி பாதத்துல வெச்சு எடுத்தது. மொத ஓட்டத்துக்கு டயருக்கடியில வெக்காம எப்பிடி எடுக்கறது? ஏரோப்ளேனுக்கு எத்தன டயருன்னு தெரியல. கொறஞ்சிடப் போவுதேன்னு ஒரு டஜனா எடுத்தாந்தேன்."

"மாமா, அது இல்ல…"

"இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன்." அவர் குரல் இறங்கியது. பின்னால் திரும்பி, கடைப் பக்கம் பார்த்துக்கொண்டார். "இந்த சீனுவாசன், அவன் பங்காளி, பின்னாடி சீட்ல கீற அத்தினி பேரும் என்னாண்ட சொன்னவனுங்கதான். பொண்ண டிரைவருக்குக் குடுத்துட்டு கேப்டனு கேப்டனுன்றான்னு. பால் சொசைட்டியில நின்னு சிரிப்பானுங்க. நான் ஒருத்தனுக்கும் பதில் சொல்லல. அதனாலதான் அவனுங்களையே வலிஞ்சு வலிஞ்சு சேத்தேன் இந்தக் காசிக்கு. மேல போனதும் மைக்குல பேரு சொல்லுவாங்களாமே, ஓட்டறது யாருன்னு? அது போதும் எனுக்கு. விஸ்வநாதரு அப்பறந்தான்."

கிருஷ்ணவேணி வந்து, "ஜல்தியா ஏறுங்க, ப்ளேனு போயிடப் போவுது" என்றார்.

"ஓட்டறவரே இங்க நிக்கறாரு, எப்பிடிடி போவும்?" என்று சிரித்துக்கொண்டே துரைக்கண்ணு ஏறினார்.

வண்டலூரில் நெரிசல். வேன் நத்தையாக நகர்ந்தது. முன்னாலும் பின்னாலும் பெட்டி கட்டிய கார்கள், எல்லாம் விமான நிலையத்துக்குப் போகிறவை. தலைக்கு மேல் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஒரு விமானம் தாழ்வாகப் போனது. பின் சீட்டில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நான் வேணா சொல்லட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாண்ணே. வெளியாள் சொன்னா அது இன்னும் அசிங்கம் அவருக்கு."

புறப்பாடு வாசலில் ஆட்களையும் பைகளையும் இறக்கினோம். ஒவ்வொருவர் கையிலும் டிக்கெட்டையும் ஆதாரையும் எடுத்துக் கொடுத்து, வரிசையில் நிறுத்தினார் திருமுருகன். கேட்டில் துப்பாக்கியோடு நின்ற காவலர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உள்ளே போன சீனுவாசன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இவரைக் காட்டி யாரிடமோ ஏதோ சொன்னார். துரைக்கண்ணு கடைசியாக நின்றார்.

"நீங்க போயி டிரஸ் மாத்துங்க மாப்ள. எங்களுக்கோசரம் நிக்காதீங்க. ஒங்க கேட்டு வேறதானே?"

"மாமா…"

"எங்கள டயராண்ட வுட மாட்டாங்கன்னு இவ சொல்றா. நீங்களே வெச்சிடுங்க." மஞ்சள் பையை அவர் கையில் திணித்தார். பிறகு, மருமகன் எதிர்பாராத நேரத்தில், அவர் நெற்றியில் கட்டை விரலால் விபூதியை இழுத்தார். "நல்லபடியா ஓட்டுங்க."

கதவு தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

வேனைப் பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு உள்ளே போக இன்னும் நேரம் கிடந்தது, கூடவே போனேன். இருவரும் வேனின் படியில் உட்கார்ந்தோம். அவர் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது. துடைக்கவில்லை.

"இன்னும் உள்ளதான் உக்காந்திருப்பாங்க" என்றேன். "இப்ப ஒரு போன் போட்டா போதும். அவர் மட்டும் ஒரு ஓரமா வந்து பேசலாம். ஏறிட்டா பக்கத்துல சீனுவாசன் இருப்பாரு."

"தெரியுதுண்ணே." போனை எடுத்தார். மாமனார் பெயரைத் தேடி எடுத்து அதன் மேல் விரலை வைத்திருந்தார். திரை அணைந்தது. மறுபடி தட்டினார். மறுபடி அணைந்தது. இப்படியே வெயில் வேனின் பின்சக்கரத்தை எட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்று, ஒரு குடும்பம் இறங்கி, பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடியது.

"இப்ப ஏத்துவாங்க" என்றார், கடிகாரத்தைப் பார்க்காமலேயே. "முன்னாடி இருக்கறவங்களக் கடைசியா ஏத்துவாங்க. மாமாவுக்கு முன்னாடி சீட்டு. ஏறும்போது காக்பிட் கதவு தொறந்துதான் இருக்கும். எட்டிப் பாப்பாரு."



அவர் எழுந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். வேனின் முன்சக்கரத்தைப் பார்த்தார். குனிந்தார். வைக்காமல் நிமிர்ந்து, பழத்தைப் பையிலேயே போட்டார்.

அப்போது போன் அடித்தது.

திரையில் 'மாமா பனமலை' என்று இருந்தது. பெயருக்கு மேல் மாமனாரின் படம். மாட்டுக்கொட்டாய்க்கு முன்னால் சட்டையில்லாமல் நிற்கிறார், அவர் தலைக்கு மேல் கூரை விளிம்பில் நீலம் வெளுத்த ஃபிளெக்ஸின் ஓரமும் தங்கப் பட்டை போட்ட தோள் ஒன்றும் தொங்குகின்றன.

"எடுங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. விமானத்தின் கதவை மூடுவதற்கு முன் போனை அணைக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு காசியில் இறங்கும்வரை மாமனாரைப் பிடிக்க முடியாது. இறங்கியதும் முதலில் பேசப்போவது கலைப்பிரியா. இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும்.

மறுபடி அடித்தது. திருமுருகன் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக, மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த விமான வால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் பச்சை வட்டத்துக்கு மேல் வந்து நின்றது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.